அலையை வாங்கிக்கொள்ளும் விதம்

அலை தண்ணீரைக் கொண்டு வருவதில்லை. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணெதிரே வந்து காலை நனைப்பது தண்ணீர்தானே சார் என்பார்கள். கரையில் நடப்பது வேறு, உள்ளே நடப்பது வேறு. ஆழக்கடலில் மிதக்கும் வலை மிதவையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். அலை வரும்போது அது மேலேறும், சற்றே முன்னே சாயும். அலை கடந்ததும் இறங்கிப் பின்வாங்கி, ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். நீர்த்துளியும் அப்படித்தான், ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. நம்மை நோக்கி ஓடி வருவது எங்கோ காற்று கொடுத்த ஆற்றல் மட்டும்தான்.

புவியியல் வாத்தியாராக இருந்த காலம் முழுக்க இதைக் கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டியிருக்கிறேன். அப்போது அது ஐந்து மதிப்பெண் கேள்வி. ஓய்வு பெற்று, இரண்டு மகன்களோடும் பேரப்பிள்ளைகளோடும் ஒரே வீட்டில் இருக்கும் இந்த வயதில், தினமும் கைகொடுக்கிற பாடம் இதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று ஒன்றைச் சொல்வார்கள். வானம் வெளுத்திருக்கும். காற்றே இருக்காது. திடீரென்று கடல் எழுந்து, சாலையைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும். நம் பக்கத்தில் புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில், சில நாள் முன்பு பெருங்காற்று வீசியிருக்கும். அது கிளப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, அதிகம் வலு இழக்காமல் இங்கே வந்து சேர்கின்றன. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது தெரிவதுகூட இல்லை. கரையருகே ஆழம் குறைந்ததும்தான் தலை தூக்குகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் 5 பேர் இப்படிப்பட்ட அலைகளில்தான் மாண்டார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. வெயிலடிக்கிற வானத்தைப் பார்க்கும் யாருக்கும் இப்படி ஓர் எச்சரிக்கையை நம்பத் தோன்றாது என்பதுதான் அதன் கொடுமை.

மகன் வேலை முடிந்து வருகிறான். குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு சொல். தட்டு நகர்கிறது. மருமகள் முகம் சுருங்குகிறது. சமையலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காற்று அடித்தது அவன் அலுவலகத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, யாரோ ஒரு மேலாளரின் வாயிலிருந்து. இது எங்கே கிளம்பியது என்றுதான் இப்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. பதில் கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த வீட்டில் கிளம்பவில்லை என்று தெரிந்தாலே பாதிச் சண்டை நடக்காமல் போய்விடும்.

மீதிப் பாதி நடக்கும். எங்கே பிறந்தாலும் அலை இங்கேதான் மோதும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே தண்ணீர் அசைவதே இல்லை என்பது கணக்கு. கடல் அதைவிட ஆழம் குறைந்ததும் அடித்தரை அலையின் காலைப் பிடிக்கிறது. முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது நெருங்க, அலை ஒடுங்கி உயர்கிறது. ஆழம் அதன் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறைந்ததும் தலை முந்திக்கொண்டு கவிழ்கிறது. அந்த நேரத்தில் கரை என்ன செய்கிறது என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. பாறை ஒருவிதமாக வாங்கிக்கொள்கிறது, மணல் ஒருவிதமாக, நாம் கட்டிய சுவர் வேறுவிதமாக.

பாறை முனையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் நிற்கிற குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட முனைகளின் முன்னால் ஆழம் முதலில் குறைவதால் அங்கே அலை தயங்குகிறது. அதனால் இரு பக்கத்து அலைகளும் வளைந்து முனையின் மேல் குவிகின்றன. ஒதுங்கியிருக்கும் பக்கத்தில் அதே அலை விரிந்து, மெலிந்து, படகு கட்டும் அளவுக்குச் சாதுவாகிவிடுகிறது. முன்னால் நிற்பவன் மேல்தான் எல்லாம் வந்து விழும் என்பதைக் குடும்பத்தில் மூத்தவனாகப் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முனை தேய்ந்து உதிர்கிற கல்லும் மண்ணும் கடைசியில் பக்கத்து வளைவில்தான் போய்ச் சேர்கின்றன. இதற்கு மேல் இந்த ஒப்புமையை இழுக்க மாட்டேன். பாறைக்கு மனக்குறை கிடையாது, மூத்த மகன்களுக்கு நிறைய உண்டு.

எனக்குப் பிடித்தது மணற்கரை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று ஏறியதும் அடுத்தடுத்து வரும் முரட்டு அலைகள் கிழக்குக் கரையைத் தாக்கும். ஏறுகிற தண்ணீரைவிட இறங்குகிற தண்ணீருக்கு வலு அதிகமாகிவிடும், மணலை வாரிக்கொண்டு இறங்கும். ஒரே வாரத்தில் கரை செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். ஆனால் அந்த மணல் தொலைந்து போவதில்லை. கொஞ்சம் உள்ளே, அலை உடைகிற இடத்தில், கடலடியில் மேடாகப் படிகிறது. அடுத்து வரும் பெரிய அலை கரைவரை வராமல் அந்த மேட்டில் தட்டி உடைகிறது. தன் மணலைத் தானே முன்னால் அனுப்பிக் காவல் வைத்த கணக்கு. தை, மாசியில் கடல் அமர்ந்ததும் நீளமான சாதுவான அலைகள் அதே மணலைப் பிடி பிடியாகத் திரும்பக் கொண்டுவந்து போடுகின்றன. மேற்கே குளச்சல் பக்கம் இதே கூத்து ஆனி, ஆடியில் நடக்கும்.

இது நடக்கப் பின்னால் கையிருப்பு வேண்டும். அடம்பங்கொடி படர்ந்து, ராவணன் மீசை முளைத்துக் கிடக்கிற மணல் மேடுகள்தான் அந்தக் கையிருப்பு. பெரிய புயல் வரும் ஆண்டில் கடல் அதிலிருந்தும் கேட்கும். அந்த மேட்டைச் சமன் செய்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கடல் பார்த்த மனை என்று விலை பேசி விற்றுவிட்ட பிறகு கடல் கேட்டால் எதைக் கொடுப்பது? சுவரைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சம்பாதித்ததையெல்லாம் கல்லும் சிமென்ட்டுமாக்கிவிட்டு, ஒரு அவசரத்துக்குக் கையில் நூறு ரூபாய் இல்லாமல் நிற்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணத்தை மட்டும் சொல்லவில்லை. நேரத்தையும் பொறுமையையும்கூட அப்படிக் கட்டி முடித்துவிட்டவர்கள் உண்டு. அவர்களிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

மணல் உள்ளும் புறமும் போய்வருவதோடு நிற்பதில்லை, கரையோடு பக்கவாட்டிலும் நடக்கிறது. இதைக் காணக் கருவி வேண்டாம். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் குனிந்து ஒரு செங்கல் சில்லைப் போட்டுப் பாருங்கள். சிவப்பாக இருப்பதால் ஈர மணலில் தெரியும். அலை கரைக்கு நேராக வருவதில்லை, கொஞ்சம் சாய்ந்து வருகிறது. சில்லைச் சாய்வாக மேலேற்றுகிறது. இறங்கும் தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது, சில்லும் நேராக இறங்குகிறது. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் நீங்கள் எழுந்து நகர்ந்தால்தான் சில்லைத் தொடர முடியும். ஒவ்வொரு மணல் துகளும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. சோழமண்டலக் கரையில் வாடைக் காலத்தில் தெற்கே நகர்ந்தாலும், ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். ஆக, நம் ஊர்க் கடற்கரை என்று நாம் சொல்வது தெற்கூரிலிருந்து வந்து வடக்கூருக்குப் போய்க்கொண்டிருக்கும் மணல்.

வெள்ளைக்காரன் 1870-களில் சென்னைக்குத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தபோது கடலுக்குள் கல் சுவரை நீட்டினான். 1881-இல் புயல் வந்து அதைப் பலமாகச் சிதைத்தது, திரும்பக் கட்டினான். வடக்கே போக வேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கித் தேங்கி அகன்றதுதான் இன்று சுண்டல் தின்றுகொண்டு நாம் நடக்கிற மெரினா. அதே ஆண்டுகளில் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரமும் அதைத் தாண்டிய குப்பங்களும் கரையை இழந்தன. மெரினாவின் அழகைப் பாடியவர்கள் அந்த இழப்பை யார் கணக்கில் எழுதினார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். புதுச்சேரியிலும் இதே கதை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் வந்தது. ஊருக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. கடற்கரை ஊரில் பிறந்து, மணலில் விளையாடாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

1990 முதல் 2018 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாட்டின் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சொன்னது. தமிழ்நாட்டில் இது 40 விழுக்காட்டுக்கும் மேல். அதனால் ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு, கேட்டு மறியல் நடக்கிறது. படகை இழுத்து வைக்க இடமில்லாமல் நிற்பவரிடம் போய், மணல் வடக்கே போகிறது ஐயா என்று பாடம் நடத்த எனக்கு வாய் வராது. அவர் கேட்பது நியாயம். அந்த வளைவு வந்தால் அவர் ஊரில் மணல் தங்கும் என்பதும் உண்மை. அதற்கு வடக்கே உள்ள ஊர் சில வருடத்தில் அதே மறியலுக்கு உட்காரும் என்பதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவே கல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நேராக எழுப்புகிற கற்சுவர் இன்னொரு ரகம். அலை அதில் மோதி, வந்த வேகத்தோடு திரும்புகிறது. திரும்பும்போது சுவரின் காலடி மண்ணைத் தோண்டிக்கொண்டு போகிறது. முன்னால் இருந்த மணலும் போய்விடுவதால் அடுத்த அலை இன்னும் ஆழமான தண்ணீரில், இன்னும் உயரமாக வந்து அடிக்கிறது. கற்கள் சரிகின்றன. மேலே மேலே போட வேண்டியிருக்கிறது. சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்தாற்போல் கரை குடைந்து வாங்குகிறது. பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியரின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். யார் குரல் உயர்த்தினாலும் அதைவிட உயர்த்தித் திருப்பிக் கொடுப்பார். அவர் அறைக்குள் ஒரு சத்தமும் நிற்காது. ஆனால் அவரிடம் வாங்கியவர்கள் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் மேல் இறக்குவார்கள். மாலையில் முதுகு சிவந்து போவது ஆறாம் வகுப்புப் பையனுக்கு.

இனி முருகைக்கல், அதாவது பவளக்கல். மண்டபம், பாம்பன் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டு ஒன்றின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மேலெல்லாம் பொடிப் பொடிக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தடுப்புகள், நட்சத்திரம் செதுக்கியதுபோல. ஒவ்வொன்றும் ஒரு சின்ன உயிரின் அறை. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து அது தன் அறையைக் கட்டும், செத்ததும் அடுத்த தலைமுறை அதன் மேலேயே கட்டும். கிளை கிளையாக வளரும் வகை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்வரை வளரும். உருண்டையாக வளர்வது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். தனியாகவும் அது வாழ்வதில்லை. உடம்புக்குள் நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிற சாப்பாடுதான் அதற்குப் பெரும்பங்கு உணவு. அதனால்தான் வெளிச்சம் எட்டாத ஆழத்திலும் கலங்கிய தண்ணீரிலும் பவளப்பாறை எழும்புவதில்லை.

இந்தப் பவளப் பார்கள் அலையை எதிர்ப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கரைக்கு வெகு முன்னால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சொரசொரவென்று துளையும் சந்துமாகக் கிடக்கின்றன. அலை அதன் மேல் ஏறி உடைந்து, சந்துகளில் புகுந்து, நுரைத்து, களைத்துக் கரைக்கு வருகிறது. உலகின் பல கரைகளில் எடுத்த அளவுகளைச் சேர்த்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பவளப்பாறைகள் சராசரியாக அலையாற்றலில் 97 விழுக்காட்டைக் குறைத்துவிடுவதாகச் சொன்னது. தண்ணீர் உள்ளே வருகிறது, மீன் வருகிறது, மணலும் கடந்து போகிறது. அடி மட்டும் வருவதில்லை. வீட்டுப் பெரியவராக எப்படி இருப்பது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் தருகிற ஒரே படம் இது. பேசுகிறவர் முழுக்கப் பேசட்டும், இடையில் மறிக்க வேண்டாம். சந்து சந்தாகப் புகுந்து வெளியே வரும்போது பேச்சில் வேகம் இருக்காது.

டார்வின் இதில் ஒரு விநோதத்தைக் கண்டார். நடுக்கடலில் வளையம் வளையமாகப் பவளத் தீவுகள் எப்படி வந்தன? ஓர் எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது, தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது, பவளம் வெளிச்சத்தை விடாமல் மேலே கட்டிக்கொண்டே போகிறது, கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் நிற்கிறது என்றார். தென் அமெரிக்கக் கரையில் இருந்தபோதே, ஒரு பவளப்பாறையைக்கூட நேரில் பார்க்காமல் அவருக்கு இந்த யோசனை வந்துவிட்டது. 1842-இல் புத்தகமாக்கினார். நூறு ஆண்டுக்கு மேல் வாதம் நடந்தது. 1952-இல் பசிபிக்கில் எனிவெடாக் தீவில் துளை போட்டார்கள். 1,200 மீட்டருக்கும் கீழேதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது, அதுவரை முழுக்கச் சுண்ணாம்பு. நமக்குப் பக்கத்தில் லட்சத்தீவும் இந்த வளைய வகைதான். முழங்காலும் பார்வையும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் என் வயதில் இந்தக் கதை படிக்கச் சுகமாக இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக உண்டு. 1986-இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 21 என்று பாடத்தில் நடத்தினாலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பல ஆண்டுகள் படகு படகாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கட்டடத்துக்குப் போனது, ஆலைக்குப் போனது. வெட்டியவர்களும் கூலிக்காரர்கள்தாம். 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் வெட்டுவது ஓய்ந்தது. அந்தச் சுனாமியில் இலங்கையின் தென்மேற்குக் கரையில் நடந்ததை ஆய்வாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பவளப்பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை 2, 3 மீட்டர் உயரத்தில் வந்து சிறிது தூரத்திலேயே நின்றது. சில கிலோமீட்டர் தள்ளி, பவளம் வெட்டப்பட்டிருந்த பெரேலியவில் சுமார் 10 மீட்டர் அலை எழுந்து வெகுதூரம் உள்ளே போனது. நின்றுகொண்டிருந்த ரயிலைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அங்கேதான். பவளம் இருந்தால் எல்லாச் சுனாமியும் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

வெட்டுவது நின்ற பிறகு சூடு வந்தது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பவளம் தன்னிடம் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. உடனே சாவதில்லை. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடா அப்படி வெளுத்தது. கிளை வகைகள் அதிகம் செத்தன, மெதுவாக வளரும் உருண்டை வகைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1980-களில் 15 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2010-களின் நடுவில் சில ஹெக்டேராகச் சுருங்கி மூழ்கும் நிலைக்கு வந்தது. 2015-க்குப் பிறகு, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில், துளையிட்ட சரிவக வடிவ சிமென்ட் கூடுகளைத் தீவுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். சுவராக அடுக்கவில்லை, பார் கிடக்கிற மாதிரி இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். அலை தளர்ந்தது, தீவில் மணல் சேர ஆரம்பித்தது. புதுச்சேரியிலும் 2018 வாக்கில் நீருக்கடியில் செயற்கைப் பார் ஒன்றை இறக்கியதும், கருங்கல் மட்டும் கிடந்த இடத்தில் மணல் திரும்பியது. மனிதன் கற்றுக்கொள்ள நேரம் எடுத்தாலும் கற்றுக்கொள்கிறான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீன் பெருக்கத்துக்கென்று இறக்கிய செயற்கைப் பார்களும் நம் கரை நெடுக உண்டு. எங்கள் தெருவில் வள்ளம் வைத்திருக்கும் ஒருவரிடம், அங்கே தொழில் எப்படி என்று போன மாதம் கேட்டேன். "வலை விட்டா சிக்கிக் கிழிஞ்சிரும் சார், விசைப்படகுக்காரன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான்" என்றார். "அதனாலதான் நமக்கு மீன் இருக்கு. தூண்டில் மட்டும் கொண்டு போறோம்." அன்று அவர் கூடையில் பெரிய விளமீன் நான்கு இருந்தது. விலை பேசிப் பார்த்தேன், குறைக்கவில்லை.